கொலின்ஸ் முறுக்கின போல்ட்

குருநகர்க் கரையில் முப்பது வருசமாகப் படகு எஞ்சின் திருத்துகிற கொலின்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். பிழையைக் கண்டால் வாய் சும்மா இராது. ஆள் பெரியவரா, காசுக்காரரா என்றெல்லாம் பார்க்கமாட்டார், போட்டுக் கிழித்துவிடுவார்.

அடைக்கலநாதனுக்கும் அப்படித்தான் கிழி விழுந்தது. நோர்வேயில் இருபத்தைந்து வருசம் இருந்துவிட்டு வந்த மனிசன், படகு இழுக்கப் பலகையில் நின்று தண்ணீருக்கு மேல் சறுக்குகிற விளையாட்டை இங்கே தொடங்கப் போகிறாராம். எந்த எஞ்சின் நல்லது என்று கேட்டு வந்தார்.

"அண்ணை, இது மீன் பிடிக்கிற வேலை இல்லை. சறுக்கிறவன் விழுவான். விழுந்தவனுக்குக் கிட்டப் படகு போகவேணும். விசிறி வெளியில நிண்டு சுத்தினா ஆளின்ரை கால் என்னத்துக்கு ஆகும்? படகின்ரை வயித்துக்குக் கீழை விசிறி இருக்கிற உள்ளெஞ்சின்தான் உதுக்குத் திறம். ஆனா எங்கடை கரையில இடுப்பளவுதான் தண்ணி, தண்டு மண்ணில இடிச்சு முறியும். தண்ணியை உறிஞ்சித் தள்ளுற ஜெட் எஞ்சினைச் சாதாழைப் புல்லு அடைச்சுப்போடும். அப்ப மிச்சம், பின்னால தொங்குற, மண் இடிச்சா மேலை தூக்கக்கூடிய அவுட்போர்ட்தான். விசிறியைச் சுத்திக் கம்பிக்கூடு போடுவம். படகு பின்னுக்குப் போகாம பின்கியரை அடைச்சுவிடுவம்."

"கூடு போட்டா வேகம் குறையும். பின்கியரை அடைக்கிறதோ? உமக்கென்ன விசரே?"

விசர்தான். ஏன் இராது? அந்தப் பலகையில் முதல் முதல் ஏறி நிற்கப் போகிறவள் கொலின்ஸின் மகள் கிறிஸ்ரி. பத்தொன்பது வயது, நல்ல நீச்சல்காரி, சம்பளத்தோடு வேலை கிடைத்த சந்தோசத்தில் தகப்பன் சொல்லுக் கேட்கிற நிலையில் இல்லை. படகு ஓட்டப் போகிறவன் அவளின் தாய்மாமன் ஜெறோம். குருநகரில் அவனை மிஞ்சின ஓட்டி இல்லை, அதுதான் பயமே! வலை மிதப்பைக் கண்டால் படகின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு பின்கியரில் போய் எடுக்கிறது எங்கள் ஆட்களின் கைப்பழக்கம். கொலின்ஸின் இடது கெண்டைக்காலில் விசிறி வெட்டின மூன்று தழும்பு இருக்கிறது. அன்றைக்கு வலையடியில் படகைப் பின்னுக்கு எடுத்தவர் அவரைப் பெற்ற அப்பர்.

பின்னுக்கு எடுக்காதை என்று சொன்னதற்கு, "எனக்கே படகோட்டப் படிப்பிக்கிறியோ, மச்சான்?" என்று ஜெறோம் சிரித்தான். கொலின்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடு போட அடைக்கலநாதன் கடைசிவரை சம்மதிக்கவில்லை. எஞ்சினைப் பூட்டும்போது, கியர்க் கைபிடி பின்னுக்குப் போகிற வழியில் ஒரு போல்ட்டை வைத்து இறுக்கினார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கரையில் கூடியது. கிறிஸ்ரி எழும்பினாள், சறுக்கினாள், சனம் கை தட்டியது, அடுத்த வளைவில் தலைகீழாக விழுந்தாள். படகு திரும்பி அவளுக்குக் கிட்ட வந்தது. வந்து, பின்பக்கத்தைக் காட்டியது.

"கோதாரியிலை போவானே! பின்னுக்கு எடுக்காதையடா!" கொலின்ஸ் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். எஞ்சின் சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்? ஜெறோம் கைபிடியைப் பின்னுக்கு இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். படகு நின்ற இடத்தில் நின்றது. கிறிஸ்ரி நீந்திப் போய்ப் பக்கவாட்டில் ஏறினாள்.

கரைக்கு வந்ததும், படகில் கூடப் போயிருந்த அடைக்கலநாதன் துள்ளினார். "புது எஞ்சின்! முதல் நாளே கியர் இறுகிப்போச்சு!"

"இறுகேல்லை. நான்தான் போல்ட் போட்டனான்."

"ஆரைக் கேட்டுப் போட்டனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை! கேட்டனெண்டால் விட்டிருப்பியளோ? உவன் என்ரை பிள்ளைக்கு மேலை விசிறியை விடப் பாத்தவன்!"

"நானோ?" ஜெறோம் திகைத்தான். "நான் பின்னுக்கு எடுக்கேல்லையே, மச்சான்."

"கைபிடியை இழுத்தனீங்கள், மாமா," என்றாள் கிறிஸ்ரி. "நான் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்."

ஜெறோம் தன் உள்ளங்கையைப் பார்த்தான். கைபிடி அழுத்தின தடம் சிவந்து கிடந்தது.

கொலின்ஸ் போல்ட் முறுக்குகிற சாவியை எடுத்து அடைக்கலநாதனின் கையில் திணித்தார். "இந்தாங்கோ, கழட்டுங்கோ! கழட்டிப்போட்டு, கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நீங்கள் குதியுங்கோ. ஜெறோம் ஓட்டட்டும்."

அவர் கையிலிருந்த சாவியை ஜெறோம் வாங்கினான். ஒருவரையும் நிமிர்ந்து பாராமல் படகில் ஏறி, அந்தப் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.