பெறுநர் இல்லாத மனு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் எழுதுவேன், என் மகள் மலாயில் மாற்றிக் கொடுப்பாள். ஒழுகும் கூரைக்கும் வராத தண்ணீருக்கும் எத்தனையோ எழுதியாயிற்று.

சில வருஷங்களுக்கு முன் தோட்டத்தை நடத்தும் துரை எங்களைக் கூப்பிட்டு, மேல்மலையில் இனிக் கொழுந்து எடுப்பதில்லை என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் தூள் மலிவாம். அதை வாங்கிப் பொட்டலம் கட்டினாலே போதுமாம். பாதிப்பேருக்கு வேலை போனது. லோரி லோரியாக அந்த மூட்டைகள் ஏறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் மனு எழுதினேன். ‘ஆப்பிரிக்கத் தேயிலையை நிறுத்துங்கள். அவர்கள் வாழ நாங்கள் சாக வேண்டுமா?’ லயமே கையெழுத்துப் போட்டது. அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்தல் நேரம் அது. ஓட்டுக் கேட்டு வந்தவர் மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் மழையில் வரிசை நின்று அவருக்கே ஓட்டுப் போட்டோம். ஜெயித்தார். பிறகு போய்க் கேட்டபோது, “வெல நம்ம கையில இல்லம்மா. நான் என்னா செய்யிறது?” என்றார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது சும்மாவா?

மிச்சமிருந்த நாங்கள் கீழ்மலையில் கத்தரியால் கொழுந்து வெட்டினோம். செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்கு கட்டுவது எங்கள் வழக்கம். பழைய சாக்கோ பிளாஸ்டிக்கோ, எது கிடைத்தாலும் சரி. நான் வேண்டுமென்றே ஒரு ஆப்பிரிக்க மூட்டையின் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். எதிரியை இடுப்பில் கட்டிய திமிர் எனக்கு.

ஒருநாள் சுற்றுலா வந்த ஆப்பிரிக்கப் பையன் ஒருவன் வழியில் நின்று என் இடுப்பையே பார்த்தான். “என்னா பாக்குற?” என்று மலாயில் சீறினேன். அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். கோலாலம்பூரில் படிக்கிறானாம், ஊர் கென்யாவாம். படங்கிலிருந்த எழுத்தைக் காட்டி, அது தன் அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயர் என்றான். அவன் உடைந்த மலாயில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“அம்மாவும் கொழுந்துதான் எடுத்தாங்க. மிஷின் வந்துச்சு, நிறுத்திட்டாங்க. தோட்டத்து வீடு, அதயும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

“உங்க ஊர்ல ஓட்டு கீட்டு இல்லியா?” என்றேன்.

“போட்டாங்களே. மிஷின வுடமாட்டேன்னவருதான் ஜெயிச்சாரு. அப்புறம், வெல நம்ம கையில இல்ல, கெடுபிடி பண்ணா வெளிநாட்டுக் கம்பெனி போயிடும்னுட்டாரு.”

வீட்டுக்கு வீடு வாசற்படிதான். ஆனால் இத்தனை வருஷமாக அந்தப் பொம்பளை என் சோற்றைத் தின்று கொழுப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டான். படங்கோடு நின்றேன். உன் அம்மாவுக்கு எதிராக மனு எழுதியவள் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். படத்துக்குச் சிரித்துவிட்டேன்.

போன மாதம் கீழ்மலையையும் மூடிவிட்டார்கள். லயத்தை ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. நாற்பது வருஷமாக நான் இருக்கும் வீடு. பக்கத்து வீட்டுக்காரி காகிதமும் பேனாவுமாக வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

என் பெயர், லயத்து எண் எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே ‘பெறுநர்’ என்று எழுதினேன். துரையைக் கேட்டால் மேலிடம் என்பார். ஜெயித்தவர் விலை என்பார். அந்த விலையை வைத்திருப்பவன் எந்த ஊரில் இருக்கிறானோ!

“என்னாக்கா, எழுதிட்டியா?”

“யாருக்குன்னு எழுதுறது?”

“யாருக்காச்சும் எழுதுலா. வீடு போவுது.”

அந்தப் பையனிடம் அவன் அம்மாவின் முகவரியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அவள் ஒருத்திக்குத்தான் இப்போது என்னால் எழுத முடியும்.