காற்று வராத முந்நூறு பக்கம்

கதையின் முடிவைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுப்பவர்களை என்ன செய்யலாம் என்று எட்டாம் வகுப்பிலேயே நான் நிறைய யோசித்திருக்கிறேன். யோசிக்க வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

அப்போது அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு. வகுப்பில் பாதிப் பேர் ஒரு மாயக்கதைத் தொடரில் விழுந்து கிடந்தோம். மந்திரத் தீவுகள், பேசும் திமிங்கிலம், சூனியக்காரியிடமிருந்து தன் ஊரை மீட்கக் கப்பலேறும் ஓர் இளம் மாலுமி. ஆறு பாகம் முடிந்து கடைசிப் பாகம் வரவேண்டியிருந்தது. பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் அதற்கான விமர்சனம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பது என் லட்சியம். பக்கத்து செக்‌ஷனில் ஒருத்திக்கும் அதே லட்சியம். யார் முதலில் தருகிறார்களோ அவர்களுடையதைப் போடுவதாக மிஸ் சொல்லிவிட்டார்.

டியூஷன் முடிந்ததும் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுப் புத்தகக் கடையில் போய் நிற்பேன். கடைக்காரர் வெறுத்துப்போனார். "வந்தா ஃபோன் பண்றேன்னு சொல்லிக்கீறேன் இல்ல? டெய்லி வந்துகினு இன்னாத்துக்குமா பேஜார் பண்ற?"

ஒருவழியாகப் புத்தகம் வந்தது. எழுநூறு பக்கம். ஆனால் மறுநாள் யூனிட் டெஸ்ட் ஆரம்பம். அம்மா அதைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டாள். கணக்கு டெஸ்ட் எழுதிவிட்டு ஓடி வந்து பார்த்தால் பீரோ மேல் தூசிதான் இருந்தது.

"மாமா ட்ரெயின்ல படிக்க எடுத்துட்டுப் போயிருக்கான். உனக்கு டெஸ்ட் முடியறதுக்குள்ள குடுத்துடுவான்" என்றாள் அம்மா.

மாமா எங்களோடுதான் இருந்தார். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கிளம்புவார், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். அடுத்த நாளும் என் புத்தகம் அவர் பையில் ஏறிப் போயிற்று. மாலையில் திரும்பி வந்தபோது அதன் நடுப்பக்கத்தில் ஊறுகாய்க் கறை. அதை நீட்டிக்கொண்டே, "கடைசில திமிங்கிலம் செத்துடும். இப்பவே மனச தேத்திக்கோ" என்றார்.

டெஸ்ட் அன்றோடு முடிந்திருந்தது. சாப்பாடு, குளியல் எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டும் சனிக்கிழமைதான் படித்து முடித்தேன். படித்தபின் மாமா மேல் மட்டுமல்ல, அந்த எழுத்தாளர் மேலும் கோபம் வந்தது. கப்பல் கடைசித் தீவுக்கருகே போய் நிற்கிறது. காற்று இல்லை. முந்நூறு பக்கத்துக்குக் காற்றே வருவதில்லை. ஆறு பாகமாக நாங்கள் காத்திருந்த சண்டை பத்தே பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விமர்சனத்தை எழுதி, அம்மா அடை வார்த்துக்கொண்டிருந்தபோது படித்துக் காட்டினேன். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆங்கிலத்தில் எழுதியதை அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "வீரன் முந்நூறு பக்கம் பாய்மரத் துணியைத் தைக்கிறான். தையல் கற்க விரும்புகிறவர்கள் மட்டும் இந்தப் பாகத்தை வாங்கலாம்."

அம்மா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கத்தையெல்லாம் திட்டாத. புக்கே அதுதான்" என்றார்.

"அதுல ஒண்ணுமே நடக்கல மாமா."

"காத்து எப்ப வரும்னு அவனுக்குத் தெரியாது. இருந்தும் தெனமும் எழுந்து, குளிச்சு, தலை வாரிக்கிட்டு மேல வந்து நிக்கிறானே, அது எதுக்குன்னு யோசிச்சியா?"

"எழுதினவருக்கு வேற ஒண்ணும் தோணல, அதுக்குதான்."

மாமா விடவில்லை. எந்தப் பக்கத்தில் மாலுமி சமையல்காரனோடு பேசுகிறான், எந்தப் பக்கத்தில் சும்மா கடலைப் பார்க்கிறான் என்று மனப்பாடமாகச் சொன்னார். அதைப் பற்றி ஒரு வரியாவது நல்லதாக எழுதச் சொன்னார். தட்டில் அடை ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆபீஸ்ல வேலை பாத்தீங்களா, இல்ல இதையேதான் படிச்சீங்களா? எனக்கு ஸ்கூல் போக மீதி நேரமெல்லாம் படிச்சும் மூணு நாள் ஆச்சு. கிண்டி வரைக்கும் போற ட்ரெயின்ல நீங்க எப்படி ரெண்டே நாள்ல முடிச்சீங்க?"

குற்றத்தை நிரூபித்துவிட்ட வக்கீலைப் போல அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கல்லில் அடை தீய்ந்துகொண்டிருந்தது.

"எப்பலேர்ந்துடா?" என்று மாமாவைக் கேட்டாள்.

"ரெண்டு மாசம் இருக்கும்க்கா."

அவர் எப்போதிலிருந்து என் புத்தகங்களை எடுக்கிறார் என்றுதான் அம்மா கேட்கிறாள் என்று நினைத்தேன். "ரெண்டு மாசம் இல்லம்மா, அதுக்கு முன்னாடியே" என்று எடுத்துக்கொடுத்தேன். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"அத்தானுக்குத் தெரிய வேணாம்க்கா" என்றார் மாமா.

"அப்பாவுக்கு என்ன தெரியக் கூடாது?" என்றேன்.

"திமிங்கிலம் செத்தது" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை அணைத்தாள்.

கம்பெனியில் அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள் என்பதும், பழவந்தாங்கல் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார் என்பதும் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அதற்குள் மாமாவுக்கு மறைமலை நகரில் வேறு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் திங்கட்கிழமை காலையில் வீட்டில் நடந்த அநியாயம்தான். விமர்சனத்தை வைத்துக்கொண்டு நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல மாமாவின் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தாள். பிறகு என் அலமாரிக்குப் போய், என்னைக் கேட்காமலே, தொடரின் முதல் பாகத்தை எடுத்து அதே பையில் வைத்தாள். நான் கத்தினேன். கறை பற்றிச் சொன்னேன். கடைசிப் பாகத்தை வாங்க எத்தனை நாள் கடையில் போய் நின்றேன் என்று சொன்னேன். அம்மா மாமாவோடு கேட் வரைக்கும் போனாள்.

"மெதுவா படிடா. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

யாருடைய புத்தகத்துக்கு அவசரமில்லை என்று யார் சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.