ஒரே பக்கமாகக் கிடந்தவர்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் குடும்பத்தில் அவர் பிறந்தது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். அவர் நல்லவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதித் தரும்படி அண்ணன் சொன்னார். அப்பா நல்லவர்தான். ஆனால் எல்லாரையும் கடிந்துதான் பேசினார். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இளம் வயதில் மலையை விட்டு இறங்கி, வேலூர்ப் பக்கம் பெரிய மின் மோட்டார்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். செய்து முடித்த மோட்டாரை வெளியூருக்கு அனுப்பக் கட்டுவதும், போகும்வரை கிடங்கில் காப்பதும் அவர் வேலை. லாரி குலுங்கும்போது உள்ளே சுழலும் தண்டு ஆடி, அதைத் தாங்கும் பேரிங் கெடாமலிருக்க, தண்டை இரும்புப் பட்டை போட்டு இறுக்குவார். துருப்பிடிக்காமல் கிரீஸ் பூசி, தார்க் காகிதம் சுற்றி, மரச் சட்டத்தில் ஏற்றி போல்ட் போடுவார். எழுபதுகளில் சில ஆலைகள் மோட்டாருக்குச் சொல்லிவிட்டு, கட்டடம் முடியாமல் மாதக்கணக்கில் கிடங்கிலேயே விட்டுவைத்தன. அப்போது மாதாமாதம் பட்டையைக் கழற்றி, தண்டைக் கையால் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். அவ்வளவு எடையும் ஒரே இடத்தில் அழுத்தினால் பேரிங்கில் குழி விழுந்துவிடும்.

பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்தாலும், தண்டைத் திருப்பும் நாள் வந்துவிட்டால் அப்பா பஸ் ஏறிவிடுவார். "வருஷத்துல ஒரு நாள் வூட்ல இருக்கக் கூடாதா?" என்று அம்மா அழுவார். "நீ அழுதா கொஞ்ச நேரத்துல நிறுத்திக்குவே. அது குழி வுழுந்தா வுழுந்ததுதான்" என்பார் அப்பா. அம்மா சாகும்வரை அதை மறக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் மலைக்கே திரும்பி அண்ணன் வீட்டில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. வாய் விழவில்லை. அண்ணனுக்கு அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று.

"டேய், என்னைத் திருப்பிப் போடுடா. ஒரே எடத்துல கெடந்தா குழி வுழும்" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார்.

"நீ இன்னா மோட்டாரா? சும்மா கெட" என்று அண்ணன் சொன்னார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. புளி வியாபாரத்தில் எடை போட ஆட்கள் காத்திருந்தார்கள், அவருக்கு நேரமில்லை. அண்ணி சிரித்தார்.

நான் வாழ்க்கைப்பட்ட கலசப்பாக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் அப்பாவை ஒருக்களித்துப் போட்டு முதுகைத் துடைப்பேன். அடுத்த முறை வந்து பார்த்தால் மல்லாந்தே கிடப்பார். விரிப்பு முதுகுப் புண்ணோடு ஒட்டியிருக்கும். உரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார்.

"அப்பாவ என் வூட்டுக்கு இட்டுக்கினு போறேண்ணா" என்று கேட்டேன்.

"ஆம்பளப் புள்ள நான் இருக்க, பொண்ணு வூட்ல போய் சாவறதா? ஊரு என் மொகத்துல துப்பும்" என்றார் அண்ணன்.

உறவுக்காரர்கள் கூடினார்கள். மகன் இருக்கும்போது மகள் வீட்டில் உயிர் போவது நம் வழக்கமில்லை, அண்ணன் சொல்வதே நியாயம் என்று முடித்தார்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான் அவர்கள். "அவ வூட்டுக்கே போறேன்டா, அவ திருப்பிப் போடுவா" என்று உள்ளேயிருந்து அப்பா சொன்னார். அது காதில் விழாதது போல எல்லாரும் காபி குடித்தீர்கள். எனக்கு உங்கள்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நன்றி சொல்வது முறை. மழையில் மலையேறி வந்து புண்ணுக்கு மருந்து கட்டிய கம்பவுண்டருக்கு நன்றி. பந்தல், மேளம், ஊருக்கெல்லாம் சாப்பாடு என்று காரியத்தைக் குறைவில்லாமல் செய்த அண்ணனுக்கும் நன்றி. இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை, என்னையே அச்சகத்தில் கொடுத்துவிடச் சொன்னார். இப்போது உங்களோடு சேர்ந்து படிப்பார்.

அப்பா இறந்த அன்று அவரைக் குளிப்பாட்டும்போது, முதுகுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அண்ணன் தோளைப் பிடித்து அப்பாவைப் பக்கவாட்டில் சாய்த்தார். முதுகைப் பார்த்ததும் சட்டென்று மல்லாத்திவிட்டு, சீக்கிரம் துணியைப் போர்த்தச் சொன்னார். அண்ணன் அப்பாவைத் திருப்பியது அந்த ஒரு முறைதான்.