சுரண்டாமல் போட்ட ரோடு

அள்ளி ஊற்றிய தண்ணீர், செல்லத்தாய் வாளியை நிமிர்த்துவதற்குள் திரும்பி உள்ளே வந்தது. வாசலுக்கு வெளியே ரோடு அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. முன்னறையில் இரண்டு விசைத்தறிகள். இரண்டிலும் பேண்டேஜ் துணி பாதி ஓடி நின்றது. தண்ணீர் தறி மோட்டாரைத் தொட இன்னும் நான்கு விரற்கடைதான் பாக்கி.

"மெயினை அமத்துங்க" என்றாள் உள்ளே பார்த்து.

"அப்பவே அமத்தியாச்சு" என்றார் அவள் கணவர் தவசிமுத்து, கட்டிலிலிருந்து. "சாக்கை வச்சுப் பாரு."

"வச்ச சாக்கு மிதக்கு."

எதிர்வீட்டுப் பாண்டிசெல்வி தன் வாசலில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரோடு வந்த கையோடு படியை உடைத்துச் சரிவாகச் சிமெண்டு பூசிக்கொண்டவள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்திருந்தார்கள். அத்தனை சரிவிலிருந்தும் வடிந்த தண்ணீர் கடைசியில் இருந்த இந்த வீட்டுக்குள் இறங்கியது.

"நீயும் வாசலைத் தூக்கியிருக்கலாம்லா மதினி."

"வாசலைத் தூக்கலாம். தறியை எங்கிட்டுத் தூக்க?"

தறிகள் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியவை. தரையை உயர்த்தினால் கூரை தலையில் இடிக்கும்.

செல்லத்தாய் தேவதானத்துக்காரி. கல்யாணமாகி இந்தப் பஞ்சுக்கிட்டங்கித் தெருவுக்கு வந்தபோது தெருவில் நாலைந்து வீடுகள்தான். ஸ்பின்னிங் மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தாள். சூப்பர்வைசர் பாத்ரூம் வாசலில் நின்று நேரம் பார்ப்பார். அதைச் சகிக்க முடியாமல்தான் பழைய தறி ஒன்றை வாங்கினாள், பின்பு இன்னொன்று. தறியில் ஏற்றும் பாவு நூல் உருளையும் ஊடை நூலும் வைகுண்டராஜ் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. பாத்ரூமுக்குப் போக யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்லிச் சிரிப்பாள். தறி ஓடுகிற வீட்டில் கத்தித்தான் பேச முடியும். அதனால் தெருவிலேயே பெரிய குரல் அவளுடையது. தண்ணீர் வராவிட்டாலும் விளக்கு எரியாவிட்டாலும் ஆபீசுக்குப் போக அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஊர் பெரிதானது. பாதாளச் சாக்கடை வந்தது. பத்து நாள் வேலை என்று சொல்லித் தெருவைத் தோண்டிய காண்ட்ராக்டர், குழாய் வரவில்லை என்று போய்விட்டார். இரண்டு மழைக்காலம் பள்ளம் அப்படியே கிடந்தது. முதலாளியின் வண்டி தெருமுனையோடு நின்றுவிடும். பாவு உருளையைத் தோளில் வைத்து வரும்போது தவசிமுத்து உருளையோடு பள்ளத்தில் விழுந்தார். இடுப்பு போயிற்று. அதிலிருந்து அவர் கட்டிலில் உட்கார்ந்து நூல் சுற்றித் தருகிறார். தறி இரண்டையும் அவள் ஒருத்தியே பார்க்கிறாள்.

ஒருவழியாகக் குழாய் பதித்துப் பள்ளத்தை மூடிய பிறகு ரோடு போட உத்தரவு வந்தது. காலையில் ஜேசிபி தெருவுக்குள் நுழைந்தது. செல்லத்தாய் அதன் வாளிக்கு முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தெருவே அவளைச் சுற்றி உட்கார்ந்தது.

ஜெபின் என்ற இளவயது இன்ஜினியர் குனிந்து நின்று பேசினார். "அக்கா, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போடணும். அப்படியே மேல போட்டா ரோடு உங்க வாசலுக்கு மேல வந்துரும்."

"சுரண்டிட்டுப் போன பொறவு எப்ப வருவிய?"

"பத்து நாள்ல."

"தோண்டுனவனும் பத்து நாள்னுதான் சொன்னான். எங்க வீட்டுக்காரர் இடுப்பைப் பாத்துட்டு வாங்க, பொறவு பேசுவோம்."

"நான் பொறுப்பு அக்கா."

"உங்களை மாத்திட்டா? யாரைப் போயிக் கேக்க?"

பால்காரர் வேலுசாமி சிரித்தார். "மேல வந்தா வரட்டும் சார். அஞ்சாறு சட்டி ஜல்லி கூடவே போடுங்க. மேட்டுத்தெருன்னு பேராவது கெடைக்கும்."

"மழை வந்தா தண்ணி எங்கே போகும்?" என்று ஜெபின் அவரையே கேட்டார்.

"சாக்கடைக்குப் போகும். அதுக்குத்தானே தோண்டுனிய."

தெரு கேட்கிறபடியே போட்டுவிடச் சொல்லிக் கவுன்சிலர் போன் செய்தார். ஜெபின் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஜேசிபி டிரைவருக்குக் கை காட்டினார். ஜேசிபி பின்னாலேயே போய்த் தெருமுனையில் திரும்பியது. தெரு கை தட்டியது.

அந்த வாரத்திலேயே பழைய ரோட்டின் மேல் ஜல்லியும் அதன் மேல் கான்கிரீட்டும் விழுந்தன. திறப்பு விழாவில் செல்லத்தாய்க்குச் சால்வை போட்டார்கள். முதலாளியின் வண்டி முதன்முறையாக வாசலுக்கே வந்தது. அன்றைக்கு டிரைவருக்கு அவள் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

சால்வையை மடித்து வைத்த பிறகுதான், தன் வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டியிருப்பதைக் கவனித்தாள். ஆபீசுக்குப் போனாள். ஜெபினை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அவர் நாற்காலியில் இருந்தவர், "நீங்க கேட்டபடிதானேம்மா போட்டிருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் புகைவிட்டுக்கொண்டு கடந்தது. புகை கலையும்வரை ரோட்டோரம் நின்றுவிட்டு வந்தாள்.

இப்போது ஐப்பசி. தண்ணீர் மோட்டாரைத் தொட்டது. பின்பு மூடியது. துணியின் தொங்கிய பாகத்தில் சாம்பல் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. தண்ணீரில் சாக்கடை வாடை அடித்தது. அவள் வாளியைக் கீழே விட்டாள். அது மிதந்துபோய்க் கட்டில் காலில் முட்டியது.

மழை விட்டபின் தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வேலுசாமி, "அன்னைக்கே அந்த இன்ஜினியரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு" என்றார்.

"அப்ப எனக்குப் பக்கத்துல உக்காந்து பீடி குடிச்சது யாரு அண்ணாச்சி?"

"நீ உக்காந்த, நாங்களும் உக்காந்தோம். உன் பேச்சைக் கேட்டதுதான்."

பாண்டிசெல்வி வேறெங்கோ பார்த்தாள். யாரும் உள்ளே இறங்கவில்லை.

சாயங்காலம் வைகுண்டராஜ் வந்தார். ரோட்டிலேயே நின்று குனிந்து பார்த்தார்.

"ஆசுபத்திரிக்குப் போற துணிம்மா" என்றார்.

"தெரியும் மொதலாளி. கழுவி, மருந்து தெளிச்சு..."

"இனி இந்த வீட்டுல நான் பாவு எறக்க முடியாது. தப்பா நெனைக்காத."

"நெனைக்கல."

மறுநாள் மழை இல்லை. காலையில் வண்டி வந்து மீதி நூலையும் பாவு உருளைகளையும் ஏற்றிப் போயிற்று. மதியம்வரை முன்னறையில் தண்ணீர் நின்றது. மோட்டார் இரண்டையும் கம்பிச்சுருள் கட்டும் மெக்கானிக் வந்து பார்த்து, ஒன்றுதான் தேறும் என்றார். தவசிமுத்து இட்லி சாப்பிட்டார். செல்லத்தாய் மில் கேட்டுக்குப் போய் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள். நைட் ஷிப்டுக்கு எடுத்தார்கள். இரவு மில் பஸ் புதிய ரோட்டில் வாசல்வரைக்கும் வந்தது. ஏறிப் போனாள்.