ஜோம், மண்டி!

நாய்க்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன் என்றால் ஈப்போவில் என் சொந்தக்காரர்களுக்கு இன்னும் சிரிப்புதான். "நாய்க்கு ஸ்ட்ரெஸ்ஸாம்லா!" என்று கல்யாணப் பந்தியில்கூடக் கிண்டல் செய்வார்கள். நானும் விடுவதில்லை. உங்களை மேசையில் கட்டிப்போட்டுக் காதுப் பக்கம் மெஷினை ஓட்டினால் தெரியும் என்பேன்.

கடையில் நானும் என் கூட்டாளியும்தான். அவள் சீனப் பெண், எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். நாய்களின் பயம் குறையட்டும் என்று என்னென்னவோ செய்து வைத்திருக்கிறோம். தொட்டியில் கால் வழுக்காமல் ரப்பர் பாய். காற்று மெஷினைப் போடும்முன் காதைச் சுற்றி ஒரு துண்டு. எனக்குக் கோபம் வந்தால் பின்பக்கம் போய் ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு வருவேன். என் கோபம் முதலில் நாய்க்குத்தான் தெரிகிறது, கூட்டாளிக்கு அப்புறம்தான்.

அப்படிப்பட்ட எங்களையே மண்ணைக் கவ்வ வைத்தது ஜெலாப்பாங்கிலிருந்து வந்த ஒரு கிழட்டு நாய். எஸ்டேட் லயத்தில் பிறந்த கலப்பு. கரடி மாதிரி முடி, அடியில் தோலெல்லாம் புண். மருந்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, வேர்வரை காய வைத்தால்தான் ஆறும். அதற்கு எங்கள் காற்று மெஷின் வேண்டும்.

மலாயில் குளியலை மண்டி என்போம், ஜோம் என்றால் வா போகலாம். "ஜோம், மண்டி!" என்று என் கூட்டாளி கூப்பிட்டால் மற்ற நாய்கள் தொட்டிப் பக்கம் வரும், இல்லையென்றால் வாசலுக்கு ஓடும். இது மட்டும் முன்னங்காலை மடக்கி, தாடையைத் தரையில் வைத்துக் கல்லாகிவிட்டது. பயம் என்று நினைத்தோம். "மண்டி, மண்டி, சாயாங்" என்று கொஞ்சினால் இன்னும் அழுத்திக்கொண்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து தூக்கினால் வெடவெடவென்று நடுங்கி மூத்திரம் போனது. வந்த ஒவ்வொரு முறையும் குளிக்காமலே திரும்பியது.

அதை வளர்க்கும் அண்ணன் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஒரு நாள் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"அக்கா, இன்னைக்கும் முடியலன்னா கிளினிக்ல மயக்க ஊசி போட்டுத்தான் குளிப்பாட்டணுமாம். இதுக்கு ஹார்ட் வீக்கு. ஊசி போட்டா எந்திரிக்குமான்னு சொல்ல முடியாதுங்குறாரு டாக்டர்."

"பாப்போம்ணே" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

வழக்கமாக நாயை விட்டுவிட்டுப் போய்விடுவார். வளர்ப்பவர் பக்கத்தில் நின்றால் நாய் அடம்பிடிக்கும் என்று நாங்கள்தான் விரட்டுவோம். அன்று ஈப்போ மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, உள்ளேயே நின்றுவிட்டார். என் கூட்டாளி தேன் ஒழுகும் குரலில் "ஜோம், மண்டி" என்றாள். நாய் பழையபடி முன்னங்காலை மடக்கித் தரையில் விழுந்தது.

"ஏன்கா அத மண்டி போடச் சொல்றீங்க?" என்றார் அண்ணன்.

"யாருண்ணே சொன்னா? குளிக்கத்தான் கூப்பிடுறோம்."

"மண்டி மண்டின்னு சொன்னா..." என்றவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ! வெள்ளிக்கிழமை சூடம் காட்டுறப்ப இத 'மண்டி போடு'ன்னுதான்கா சொல்லுவோம். துன்னூறு பூசணும், இல்ல நான் எந்திரின்னு சொல்லணும், அதுவரைக்கும் அசையாது. குட்டியிலேர்ந்து பழக்குனது."

தமிழச்சி நான் ஒருத்தி பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். காதில் விழவே இல்லை. இத்தனை வருடத்தில் மண்டி என்றால் எனக்குத் தண்ணீரும் ஷாம்பூவும்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். கூட்டாளிக்கு மலாயில் விளக்கியதும் அவளும் சிரித்தாள். பிறகு, சொன்ன பேச்சைக் கேட்டதற்குத்தானே அதை இழுத்து நடுங்க வைத்தோம் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ரொம்பப் பாவமாக இருந்தது.

"எந்திரி, போலாம்" என்றார் அண்ணன். எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு தொட்டிக்கு நடந்தது. என் கூட்டாளி அங்கேயே புதுப் பாடம் படித்தாள்: "குலிக்லாம் வா." அந்த உச்சரிப்பை நாய் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷாம்பூ நுரையில் கண்ணை மூடி நின்றது, காற்று மெஷினுக்கும் நின்றது. ஊசி வேண்டாம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மழை விட்டது. மினுமினுவென்று இருந்த நாயை முன்பக்கம் கூட்டி வந்தாள் என் கூட்டாளி. குளித்தாயிற்று என்ற பெருமையில் பழக்கதோஷமாக மலாயிலேயே வாய் தவறியது: "அண்ணே, சுடா மண்டி!"

முன்னங்கால் மடங்கியது, தாடை தரையைத் தொட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் சட்டைப் பையில் இருந்த கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, குனிந்து அதன் நெற்றியில் பூசினார்.

அதற்குப் பிறகுதான் அது எழுந்தது.