சாலிஹ் மச்சான் விற்காத கொக்கோ

என் கூடப்பிறந்த ராத்தா றமீஸாவின் கணவர் சாலிஹ். மாத்தளைக் கடைத்தெருவில் கொக்கோ வியாபாரம். தங்கமான மனுஷன்தான், அந்த ஒரு கதையைத் தொடங்காதவரை.

1950இல் கொரியாவில் சண்டை மூண்டு விலை கொஞ்சம் ஏறியதும், மச்சான் கையிலிருந்த கொக்கோ முழுவதையும் விற்றுவிட்டார். அதன் பிறகு விலை எங்கேயோ போய்விட்டது. பொறுத்திருந்த பக்கத்துக் கடை புஹாரி லொறி வாங்கினார். அந்த லொறி தெருவில் போகும் ஒவ்வொரு தடவையும் மச்சான் என்னைப் பிடித்துவைத்து அந்தக் கதையை எடுத்துவிடுவார். “அவசரப்பட்டு வித்தேன், மர்சூக். பெரிய நஷ்டம்!” ஆறு வருஷம் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் சண்டை வந்தால் விற்கக்கூடாது என்பது எனக்குள்ளும் நன்றாக ஊறிப்போயிருந்தது.

1956 கடைசியில் அவர் மகள் ஸரீனாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தோம். எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். பக்கத்து ஊரான பலாபத்வலையில் அந்த வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றது. கூரைக்கு அந்தப் பருவத்துக் கொக்கோவைத்தான் நம்பியிருந்தோம். கூரை ஏறினால் கல்யாணம்.

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் சுயெஸ் கால்வாய்ச் சண்டை. மச்சான் துள்ளி எழுந்தார். “அல்லாஹ் ரெண்டாவது தடவையும் கதவத் தொறந்திருக்கான்! ஒரு கொட்டைகூட வெளிய போகக்கூடாது.”

விற்காமல் வைத்ததோடு விட்டாரா? பக்கத்துத் தோட்டங்களில் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தார். மூட்டை தூக்கியதில் நானும் உண்டு. ராத்தா மட்டும் கேட்டாள்: “கூரைக்குத் தேவையானத மட்டுமாவது வித்துருங்களேன்?”

“சண்டையப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?” என்றார் மச்சான்.

எங்களுக்கு மட்டும் என்ன தெரிந்தது! எங்கள் கொக்கோவைச் சீமைக்குக் கொண்டுபோகும் கப்பல் வழியிலேயே அந்தச் சண்டை நடந்தது. கால்வாய் அடைபட்டது. கொழும்பில் கொக்கோ வாங்கிக் கப்பலேற்றுபவர்கள் சரக்கு வேண்டாம் என்று தந்தி அடித்தார்கள். சண்டை எங்கே நடக்கிறது என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? இல்லை. வெட்கக்கேடு.

மச்சான் அசையவில்லை. “பொறு, ஏறும்” என்றார். மார்கழி மழை விடாமல் கொட்டியது. தை மாதம் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டையைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே வெள்ளையாகப் பூசணம். அடுத்த மூட்டையிலும் அதேதான்.  இரண்டு தடவை தவணை கொடுத்துப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் உக்குவளையில் வேறு பெண் எடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்றும் மச்சான் பழைய பாட்டைத்தான் பாடினார். “அம்பதுல மட்டும் நான் விக்காம இருந்திருந்தா…”

ராத்தா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “அம்பதுல ஏன் வித்தீங்க?”

“வெல ஏறிச்சு. புத்தியில்லாம வித்தேன்.”

“இல்ல. நம்ம ஸரீனா நெருப்புக் காய்ச்சல்ல கெடந்தா. கொழும்புலருந்து ஊசி மருந்து எடுக்கணும், இல்லாட்டி புள்ள தாங்க மாட்டாள்னு டொக்டர் சொன்னாரு. அந்தக் காசுக்குத்தான் அன்னைக்கே வித்தீங்க. ஊசி எடுக்க நீங்களும் தம்பியும்தான் போனீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் போனேன்! ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவனே நான்தான். புஹாரியின் லொறி நம்பர் ஞாபகமிருந்தது. அன்றைய கொக்கோ விலை சதக் கணக்கில் ஞாபகமிருந்தது. இது எப்படி மறந்தது? மச்சானைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அறை வாசலில் ஸரீனா நின்றிருந்தாள். கல்யாணம் போன செய்திக்குக்கூட அழாத பிள்ளை.

“அப்ப, இத்தன வருஷமா நஷ்டம் நஷ்டம்னு சொன்னது என்னயத்தானா, வாப்பா?”