பலாவின் கீழே வெளுத்த ஏலச்செடிகள்

சிலமலையில் இருந்த பருத்தி நிலத்தை விற்று, போடிக்கு மேலே, ஜீப்பு ஏறாத சரிவில் சிறிய ஏலத்தோட்டம் வாங்கினேன். நானும் மனைவியும் பிழைக்க அதை விட்டால் வேறு கதியில்லை. செடிகளுக்கு நிழல் தர நின்ற பலா மரங்கள் ஓயாமல் உதிர்த்த சருகைக் களத்துமேட்டைக் கூட்டுவதுபோல் கூட்டி எரித்தேன். மண் பளிச்சென்று இருந்தது. எனக்கோ பெருமை.

மழை முடிவதற்குள் செடிகள் வெளுத்தன. மண் கரைந்து வேர்கள் நரம்புபோல் வெளியே தெரிந்தன. பலாதான் சத்தையெல்லாம் உறிஞ்சுகிறது என்று கோடரியோடு கிளம்பினேன்.

மனைவி மறித்தாள். "சோம்பேறின்னு என்னைய வைஞ்சீகளே, நான் கூட்டாம விட்ட மேல் மூலையப் பாத்தீகளா?"

போய்ப் பார்த்தேன். அங்கேயும் பலாவின் நிழல்தான். ஆனால் கணுக்கால் புதையும் சருகுக்குள் செடிகள் கரும்பச்சையாக நின்றன. சருகுக்கு அடியில் மண் ஈரமாக, பொலபொலவென்று கிடந்தது.

"அப்ப மரம் எடுக்குதா, குடுக்குதா?" என்றேன்.

"என்னையக் கேட்டா? எனக்கு முதுகு வலிச்சது, கூட்டல. அம்புட்டுத்தான்."

அன்று வெட்டாமல் திரும்பினேன். இப்போது சருகைக் கூட்டுவதில்லை. சரிவில் உருண்டோடுவதையும் அள்ளிவந்து செடிகளின் தூரில் போடுகிறேன். வெளுத்தவற்றில் பாதி தேறிவிட்டன. ஆனால் அடிமரத்தை ஒட்டிய செடிகள் மட்டும், சருகு மூடியிருந்தும், நோஞ்சானாகவே நிற்கின்றன. ஒரே மரம் இங்கே ஊட்டுகிறது, அங்கே பறிக்கிறது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. விளங்கும்வரை எந்த மரத்தையும் வெட்டுவதாக இல்லை.